அளவுப் புத்தகம் எங்கே?

ஊராட்சிக் கணக்கைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் இப்போதெல்லாம் ஒரே பதில்தான்: "எல்லாம் இணையதளத்தில் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளுங்கள்." முன்பு "அடுத்த வாரம் வாருங்கள்" என்பார்கள். அதைவிட இது நாகரிகமானதுதான். கேட்டவர் வாயை அடைப்பதில் மட்டும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இணையதளத்தில் உண்மையிலேயே நிறைய இருக்கிறது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய 'இ-கிராம் ஸ்வராஜ்' என்ற ஊராட்சிக் கணக்குத் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால், எந்த ஊராட்சியின் திட்ட அறிக்கையையும் வரவையும் செலவு வவுச்சர்களையும் பார்க்கலாம். கடவுச்சொல் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். ஊராட்சிகளுக்கு மத்திய அரசு தந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது. உங்கள் ஊரில் அந்தப் பணம் எந்த வேலையின் பெயரில் போனது என்பதை வீட்டில் உட்கார்ந்தே தேடலாம். நம் அப்பாக்கள் காலத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினருக்கே இந்தக் கணக்கு கண்ணில் பட்டதா என்பது சந்தேகம்.

பிறகு என்ன குறை என்கிறீர்களா? வவுச்சர் வரைதான் வெளிச்சம். அதற்குப் பின்னால் இருட்டு.

ஒரு வேலையின் தலைப்பைப் பாருங்கள். நம் பக்கத்து எஸ்டிமேட்டுகளில் 'முருகேசன் வீடு முதல் செல்வராஜ் வீடு வரை சிமென்ட் சாலை' என்றுதான் எழுதுவது வழக்கம். ஊர்க்காரனுக்கு இதைவிடத் தெளிவான முகவரி வேறில்லை. ஆனால் ஊரில் முருகேசன்கள் எத்தனை பேர்! அடுத்த ஆண்டு அதே தெருவை மறுமுனையிலிருந்து பெயர் வைத்து எழுதினால், கணினிக்கு அது இன்னொரு வேலை. தெருவுக்கென்று ஓர் எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணின் கீழ் ஊராட்சி, ஒன்றியம், சட்டமன்ற உறுப்பினர் நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி என எல்லாச் செலவையும் கொண்டுவந்தால் ஒழிய, ஒரே தெருவுக்கு எத்தனை பக்கமிருந்து பணம் வந்தது என்பதை யாராலும் கூட்டிப் பார்க்க முடியாது. இப்போது ஒவ்வொரு நிதிக்கும் ஒரு தளம், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பாணி.

இதுகூடச் சின்னக் குறை. எனக்கு உறுத்துவது எம்-புக். அளவுப் புத்தகம் என்று சொல்வோமே, அது. சாலை போட்டு முடித்ததும் ஓவர்சியரும் பொறியாளரும் நீளம், அகலம், கனம் அளந்து அதில்தான் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் பில். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதினால் 45 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம். தரையில் கனம் 10 சென்டிமீட்டர்தான் என்றால் விழுந்தது 30 கன மீட்டர். மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட் தெருவுக்கு வரவே இல்லை. நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து யாரும் அளந்துவிடலாம் என்பதால் அங்கே பெரும்பாலும் கைவைக்க மாட்டார்கள். கனம்தான் பூமிக்குள் போகிற விஷயம். ஓரத்தில் மண் அணைப்பதற்கு முன்னால் பார்த்தவனுக்கு மட்டுமே தெரியும்.

இப்போது இணையதளத்துக்கு வாருங்கள். இத்தனை லட்சம், இன்ன தேதி, இன்ன வவுச்சர் எண். பணம் போனதற்கு அத்தாட்சி உண்டு. வேலை நடந்ததற்குப் படங்கள் உண்டு: தொடங்கும் முன் ஒன்று, நடுவில் ஒன்று, முடிந்தபின் ஒன்று. படத்தில் சாலை இருக்கும். சாலையின் கனம் படத்தில் தெரியுமா? அதைச் சொல்லும் ஒரே ஆவணம் ஒன்றிய அலுவலக அலமாரியில் கிடக்கிறது.

கூலிக்காரர்கள் விஷயத்தில் மட்டும் நம் அரசுகளுக்கு இந்தக் கூச்சம் கிடையாது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் தளத்தில், மண் வெட்டிய பெண்ணின் பெயர், வேலை அட்டை எண், எத்தனை நாள் வந்தார், எவ்வளவு கூலி என அத்தனையும் உலகமே பார்க்கும்படி இருந்தது. 2023 ஜனவரி முதல் காலையும் பிற்பகலும் அவரை நிற்க வைத்துப் படமெடுத்து, இடக்குறிப்போடு செயலியில் ஏற்றுவது கட்டாயமானது. அதையும் ஏமாற்றினார்கள்: சம்பந்தமே இல்லாத படங்களும், படத்தைப் படமெடுத்தவையும் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது. அந்தத் திட்டத்துக்கான சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் வேறொரு சட்டம் வந்துவிட்டது; அது தனிக் கதை. நான் கேட்பது இதுதான்: தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 336 ரூபாய்க் கூலிக்கு இரண்டு முறை படம் கேட்ட அரசு, பல லட்ச ரூபாய் பில்லுக்கு அளவுப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தை ஸ்கேன் செய்து ஏற்ற ஏன் தயங்குகிறது? தொழில்நுட்பம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

கணக்கு வெளியே வருவது வேறு, அது ஊராருக்குப் போய்ச் சேருவது வேறு. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994இல் கோட் கிரானா கிராமத்தில் மக்கள் விசாரணை நடத்தியபோது கணினியும் இல்லை, தகவல் உரிமைச் சட்டமும் இல்லை. கையில் கிடைத்த அரசு ஆவணங்களை ஊரைக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்கள், அவ்வளவுதான். கட்டியதாகக் கணக்கில் இருந்த கட்டடம் எந்த நிலையில் நிற்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதற்கு எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தப் போராட்டத்தின் நீட்சியாகத்தான் 2005இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. அதே ராஜஸ்தான் 2019இல் 'ஜன் சூச்னா' என்ற தளத்தைத் திறந்து, பல துறைகளின் தகவலை ஊர் வாரியாகவும் வார்டு வாரியாகவும் ஒரே இடத்தில் வைத்தது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லாததற்கு அதிகாரிகளின் அலட்சியம் பாதிக் காரணம். கேட்காத நாமும் மீதிப் பாதி.

நம்மிடம் கிராம சபை இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு. படிவம் 30 என்னும் வரவு செலவுச் சுருக்கத்தைப் பேனராக வைக்கவும் உத்தரவு இருக்கிறது. பேனர் வைக்கிறார்கள். எழுத்து எறும்பு அளவில் இருக்கிறது. தலைப்புவாரியாக மொத்தத் தொகை இருக்கும், தெருப் பெயர் இருக்காது. போதாக்குறைக்கு, 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலரின் நிர்வாகம் வந்தது. தலைவர் தவறு செய்தால் டீக்கடையில் வைத்தாவது கேட்கலாம். தனி அலுவலரை எந்த டீக்கடையில் பிடிப்பது?

அளவுப் புத்தகம் இணையத்தில் ஏறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. தகவல் உரிமை என்பதை வரையறுக்கும், தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு நகல் வாங்கும் உரிமையோடு நிற்கவில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. நம்மில் பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. தளத்தில் வேலையின் பெயரையும் வவுச்சர் எண்ணையும் எடுத்து மனுவில் எழுதுங்கள்; எஸ்டிமேட், அளவுப் புத்தகப் பக்கம், பில் மூன்றையும் கேளுங்கள். எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் "எந்த வேலை என்று தெளிவாக இல்லை" என்று மனுவைத் திருப்ப முடியாது. இணையதளத்தால் எனக்குத் தெரிந்து ஆகக்கூடிய பெரிய உதவி இதுதான்.

வருகிற கிராம சபையில் இன்னொன்றும் செய்யலாம். ஒவ்வொரு வேலைக்கும் அளவுப் புத்தகப் பக்கத்தைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொடுங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தை நீட்டி "முதலில் கையெழுத்துப் போடுங்கள், பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்பார்கள். போடாதீர்கள்.