கால் அங்குல ஹோஸும் காற்றின் அளவும்

அம்பத்தூர் பட்டறையில் ஏர் கம்ப்ரஸருக்கு அரை அங்குல ஹோஸுக்குப் பதில் கால் அங்குலம் போட்டால் காற்று பாதிதான் குறையும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அவ்வளவு லேசில்லை. உள்விட்டம் பாதியானால் பரப்பே கால்வாசிதான், உராய்வும் சேர்ந்துகொள்ளும். அதே அழுத்தத்தில், நீள ஹோஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, இல்லை அதற்கும் குறைவாகத்தான் வரும்.

சோதிக்க மீட்டர் வேண்டாம். வீட்டிலிருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்துப் பிடியுங்கள். காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை நன்றாகக் குறைத்துவிட்டு (இதை மறந்தால் சட்டை நனையும்) ஹோஸ் முனையைக் கேனின் வாய்க்குள் விடுங்கள். கேன் காலியாக 10 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 120 லிட்டர். அப்புறம் அதே நீளமுள்ள மற்ற ஹோஸ், அதே அழுத்தம், நேரத்தை ஒப்பிடுங்கள்.