யார் பார்த்தார்கள் என்றாவது சொல்லுங்கள்
அரசுத் துறைகள் மக்களின் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டால் மக்கள் அலைய வேண்டாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், உதவித்தொகைக்கு மனு போடும் பாட்டி மேஜைக்கு மேஜை ஆதார் ஜெராக்ஸ் நீட்ட வேண்டியதில்லை. ஆனால் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு சலுகைக்கு முன்பு ஒப்புதல் தந்திருந்தால் போதும், அதே விவரத்தை அரசு வேறு சலுகைக்கும் எடுத்தாளலாம். 17ஆம் பிரிவோ, பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு முழு விலக்கே தரலாம் என்கிறது. 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்குத்தானா? என் விவரத்தை எந்தத் துறை, எதற்காகத் திறந்தது என்று ஒரு எஸ்எம்எஸ் வரட்டும். ஏடிஎம்மில் நூறு ரூபாய் எடுத்தாலே வருகிறதே!