மலைப்பாதைக்கு மட்டும் ஒரு திருத்தம்

சர்க்கரை நோயாளிகளின் நீண்ட கார் பயணத்துக்குப் பாதாம், வேர்க்கடலை, சுகர் ஃப்ரீ பிஸ்கட் போதும் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். சமவெளிக்குச் சரி. நாங்கள் கோத்தகிரிக்காரர்கள், அம்மாவுக்கு இன்சுலின். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மே மாத சீசனில் வண்டி எந்த வளைவில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்லவே முடியாது. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். வளைவுகளில் வாந்தி வந்தால் சாப்பிட்டதும் போய்விடும், இன்னும் ஆபத்து.

கை நடுங்கி, வியர்த்து, ரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் (mg/dL) கீழே போனால் பாதாமும் சாக்லேட்டும் உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ் பொடியோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து அளவை மறுபடி பார்க்க வேண்டும். இது டிக்கியில் கிடந்தால் பயனில்லை, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மற்றபடி கொறிக்க அவித்த கொண்டைக்கடலைச் சுண்டல், முட்டை, வெள்ளரிக்காய், அதிகம் பழுக்காத கொய்யா. சுகர் ஃப்ரீ பிஸ்கட்டிலும் மாவு இருக்கிறது, அதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ஊட்டி வர்க்கியும் மைதாதான். அப்புறம், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, ஸ்டீல் பாட்டிலில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.