வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

துபாய் அருகே உள்ள அல் மஹா, லிவா பாலைவனத்தின் கஸ்ர் அல் சராப் என்ற இரண்டு ஆடம்பரப் பாலைவன விடுதிகளையும் ஒரு இரவு வாடகையை வைத்தே ஒப்பிடும் ஒரு கட்டுரையைப் படித்தேன். அது சரியான கணக்கு இல்லை. அல் மஹாவில் பொதுவாக மூன்று வேளைச் சாப்பாடும் தினம் இரண்டு பாலைவனச் சுற்றும் வாடகையிலேயே சேர்ந்துவிடும், ஒவ்வொரு அறைக்கும் தனி நீச்சல் குளம் உண்டு. கஸ்ர் அல் சராபுக்கு அபுதாபியிலிருந்தே காரில் சுமார் 2 மணி நேரம். ஒரே இரவு தங்க அங்கே போவது வீண், குறைந்தது 2 இரவு வேண்டும். ஆனால் பெரிய மணற்குன்றுகள்தான் ஆசை என்றால் அதற்கு ஈடில்லை.

ஸ்பாவுக்காகவே போகிறவர்கள் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஹமாம் என்ற நீராவிக் குளியல், பிறகு மசாஜ். நீராவியில் தோல் ஊறியதும் ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்பு சோப்பைப் பூசிச் சில நிமிடம் விடுவார்கள். பிறகு சொரசொரப்பான கெஸ்ஸா கையுறையால் தேய்த்தால் இறந்த தோலும் அழுக்கும் சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டு வரும். மசாஜை முதலில் வைத்தால் எண்ணெய்ப் படலத்தில் கையுறை வழுக்கும், மசாஜ் எண்ணெயும் கழுவிப் போய்விடும். வெயிலில் தோல் கன்றியிருந்தாலோ அன்று சவரம் செய்திருந்தாலோ தேய்ப்பு வேண்டவே வேண்டாம், எரிச்சல் தாங்காது. அதனால் மணற்குன்று நடைக்கு முன்பே ஹமாமை வையுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். முன்பதிவின்போது ஸ்பா கட்டணத்தில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கமா என்று கேட்டுவிடுங்கள்.