மங்கோலியாவும் ஓர் எக்செல் தாளும்

போன வாரம் எங்கள் வாட்ஸாப் குழுவில் ஓர் எக்செல் தாள் வந்து விழுந்தது. அடுத்த வருடம் மங்கோலியா போவதற்கான திட்டம். பதினான்கு நாள், 2,800 கிலோமீட்டர். உலான்பாத்தரில் ஜீப்பை வாடகைக்கு எடுக்கிறோம், தெற்கே கோபி பாலைவனம், அங்கிருந்து ஓர்ஹோன் பள்ளத்தாக்கு, அப்படியே வடக்கே ஹூவ்ஸ்குல் ஏரி, திரும்ப நகரம். டிரைவர் கிடையாது, நாங்களே ஓட்டுகிறோம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, காலைச் சாப்பாட்டு நேரம் உட்பட. அடியில் ஒரு குறிப்பு: ‘ஆளே இல்லாத நாடு, மொத்தமும் நமக்குத்தான்!’ தயாரித்தவன் வங்கியில் வேலை பார்க்கிறவன், பழக்கதோஷம்.

நான் 2018இல் அங்கே போய் வந்தவன். அப்போது என் கையில் இருந்த தாளும் கிட்டத்தட்ட இதேதான். குழுவில் நாலு வரியில் பதில் போட்டால் சண்டையாகிவிடும் என்பதால் இங்கே நீளமாக எழுதுகிறேன்.

தூரத்தைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. மக்கள் சுமார் 35 லட்சம், அதிலும் ஏறக்குறைய பாதிப் பேர் தலைநகரிலேயே இருக்கிறார்கள். தென்கோபி மாகாணம் ஒன்று மட்டுமே தமிழ்நாட்டைவிடப் பெரியது. அங்கே வசிப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. இதெல்லாம் சரி. ஆனால் திட்டம் போடும்போது குழப்புவது தூரம் அல்ல, ‘ரோடு’ என்ற சொல். உலான்பாத்தரிலிருந்து தலான்சத்காத் வரை சுமார் 550 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை, காலையில் கிளம்பினால் சாயங்காலம் போய்விடலாம். அதற்கப்புறம் ஹோங்கோரின் எல்ஸ் மணல்மேடுகளுக்குப் போக இருநூறு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவுதான், எங்களுக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. அங்கே இருப்பது டயர் தடங்கள் மட்டும். ஒரு தடம் பள்ளமாகிப்போனால் அடுத்த வண்டி பக்கத்தில் இன்னொன்று போடும். அதுவும் கெட்டால் மூன்றாவது. சில இடங்களில் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு தடங்கள் ஆற்றின் கிளைகள் மாதிரி விரிந்து கிடந்தன. எது எங்கே போகும் என்று போன் வரைபடத்துக்குத் தெரியாது. ‘லடாக்கில் ஓட்டியிருக்கிறேன்’ என்கிறான் நண்பன். லடாக்கில் எல்லைச் சாலை அமைப்பு வைத்த பலகை கிலோமீட்டருக்கு ஒரு தரம் நமக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டே வரும். இங்கே வழி சொல்ல மனிதர்தான் உண்டு, அவரிடம் மங்கோலிய மொழியில் கேட்க வேண்டும்.

எங்களுக்கு வாய்த்த டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். வண்டி ரஷ்யாவின் உவாஸ் வேன், அங்கே புர்கோன் என்பார்கள். பார்க்க ஒரு முழு ரொட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். வழியில் கெட்டால் வழியிலேயே பிரித்துப் போட்டு மாட்டிவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. போனில் வரைபடம் வைத்திருந்தார், பார்த்து நான் கண்டதில்லை. சந்தேகம் வந்தால் ஏதாவது ஒரு கெர் தெரியும் திசையில் வண்டியைத் திருப்புவார். கெர் என்றால் கம்பளி போர்த்திய அந்த வட்டக் கூடாரம். உள்ளே போய்த் தேநீர் குடித்து, ஆடுமாடு நலம் விசாரித்து, இருபது நிமிடம் கழித்துத்தான் வழி கேட்பார். முதல் இரண்டு நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள்தான் புரிந்தது, வழி மட்டும் கேட்கவில்லை: எங்கே மழை பெய்தது, எந்த ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, யாருடைய வண்டி எங்கே மாட்டியது, எல்லாம் அந்த இருபது நிமிடத்தில் வந்துவிடுகிறது.

அப்படிக் கேட்டும் மாட்டிக்கொண்டோம். ஜூலைக் கடைசி. அங்கே ஜூலையும் ஆகஸ்டும்தான் மழைக்காலம் என்பதை நாங்கள் கண்டுகொள்ளவே இல்லை, வெயில் காலம் என்று மட்டும் குறித்து வைத்திருந்தோம். ஓர்ஹோனில் போய்ச் சேரும் ஒரு சிற்றாறு, மலையில் இரவு பெய்த மழையில் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பாலம் கிடையாது, வண்டியோடு இறங்கித்தான் கடக்க வேண்டும். டிரைவர் காலணியைக் கழற்றினார், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நடந்து போனார். தொடைவரை தண்ணீர் வந்ததும் திரும்பி வந்து சிகரெட்டைப் பற்றவைத்தார். ‘மர்காஷ்’ என்றார். நாளைக்கு என்று அர்த்தம். வண்டி ஏற்பாடு செய்த நிறுவனம் கொடுத்தனுப்பிய சாட்டிலைட் போனை எடுத்தேன். அதில் சார்ஜே ஏறவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு தரம் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தோம்.

அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு கெர். நெருங்கும்போது டிரைவர் ‘நொஹோய் ஹோர்!’ என்று கத்தினார். நாயைப் பிடித்துக்கொள் என்று பொருள்; அங்கே வாசலில் நின்று ‘வீட்டில் யாருங்க’ என்று கூப்பிடுவது அப்படித்தான். நிலைப்படியை மிதிக்காமல் உள்ளே போய் இடது பக்கமாக உட்கார்ந்தோம். உப்புப் போட்ட பால் தேநீர் வந்தது. அடுப்பில் எரிந்தது நம் வறட்டிதான், தட்டிக் காயவைத்தது அல்ல, மேய்ச்சலில் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி வந்தது. கதவோரம் ஒரு பெரிய தோல்பை தொங்கியது. ஐராக் என்கிற புளித்த குதிரைப்பால் அதில்தான் தயாராகிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை கடைய வேண்டும் என்பதால் உள்ளே வருகிற ஆள் யாரானாலும் மத்தைப் பிடித்து நாலு கடை கடைந்துவிட்டுத்தான் உட்காருவார். நானும் கடைந்தேன். குடிக்கவும் குடித்தேன், வயிறு அன்றிரவு தன் கருத்தைத் தெரிவித்தது.

மறுநாள் முழுக்க அங்கேதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பெட்டைக் குதிரைகளைக் கறக்கிறார்கள். குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் விலக்கி, தாயின் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு கறப்பார்கள். நம்மூரில் கன்றை விட்டுக் கறப்பது மாதிரியேதான். குட்டியைப் பிடிக்கும் வேலை எனக்கு வந்தது. அந்த வீட்டம்மா ஒரு முழங்காலை ஊன்றி, வாளியை மற்றக் காலின் மேல் வைத்து, இரண்டு நிமிடத்தில் ஒரு குதிரையை முடித்துவிடுவார். குட்டி என் சட்டைப் பொத்தானைத் தின்றது.

‘ஆளே இல்லாத நாடு’ என்று எழுதிய நண்பனுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அந்த வீட்டம்மாவிடம் நான்தான் கேட்டேன், டிரைவர் கைச்சாடையில் மொழிபெயர்த்தார்: எதிரே தெரிந்த புல்வெளியில் எந்த மலை மடிப்பு யாருடைய குளிர்கால இடம், எந்த ஓடை யாருடைய மந்தைக்கு என்று ஒவ்வொன்றாகக் கைநீட்டிக் காட்டினார். என் கண்ணுக்கு அது வரை வெறும் பச்சை. மங்கோலிய அரசியலமைப்பின்படி மேய்ச்சல் நிலத்தைத் தனியார் வாங்க முடியாது, வேலியும் இல்லை. எங்கு வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்று பயண வீடியோக்களில் இதைத்தான் உரிமை மாதிரி சொல்கிறார்கள். வேலி இல்லாததும் ஆள் இல்லாததும் ஒன்றல்ல. குளிர்கால இடத்தில் கோடையில் ஆளில்லாமல் கிடக்கும் கல் தொழுவத்தைப் பார்த்து அங்கே கூடாரம் போட்டு, கிடக்கும் வறட்டியை எரித்துவிட்டு வந்தால், ஒரு குடும்பம் மைனஸ் முப்பதில் திரும்பி வரும்போது அவர்களுடைய விறகை நாம் தீர்த்திருப்போம்.

சூட் என்று ஒரு சொல் உண்டு. புல்லைப் பனி மூடி இறுகி, மந்தை மந்தையாகக் கால்நடை பட்டினியில் சாகிற குளிர்காலம். 2023-24 குளிர்காலத்தில் மட்டும் எழுபது லட்சத்துக்கும் மேல் செத்தன. மந்தை போனவர்களில் பலர் உலான்பாத்தர் ஓரத்தில் கெர் போட்டுக் குடியேறுகிறார்கள். கோடையில் ஒவ்வொரு கைப்பிடிப் புல்லும் அந்தக் குளிரைத் தாண்டுவதற்கான கொழுப்பு. இதைத் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே புதுத் தடம் போட்டுப் புழுதி கிளப்பிப் படமெடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. டயர் ஏறிய இடத்தில் புல் திரும்ப வருடக்கணக்காகும்.

ஆகவே டிரைவர் வேண்டும் என்பது என் கட்சி. பயந்து சொல்லவில்லை. இரண்டு வண்டியாகப் போய், ஆறு கடந்த அனுபவமுள்ளவர்கள் தாங்களே ஓட்டிக்கொண்டு போகிறார்கள், போகட்டும். நம் மூவரில் ஒருவனுக்கு ஸ்டெப்னி மாற்றவே யூடியூப் வேண்டும். தனியாக ஓட்டினால் சாகசம், டிரைவரோடு போனால் சுற்றுலா என்கிற எண்ணமே எனக்குப் பிடிபடவில்லை. டிரைவர் இல்லாமல் போயிருந்தால் நான் ஒரு கெருக்குள்ளும் நுழைந்திருக்க மாட்டேன், நாய்க்குப் பயந்து.

மற்றவை சுருக்கமாக. ஜூலை 11 முதல் 13 வரை நாதம் திருவிழா, அந்த வாரம் வண்டியும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. ஆகஸ்ட் கடைசி நல்லது, இரவில் குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். ரஷ்ய, சீன எல்லைக்கு அருகில் போவதென்றால் தனி அனுமதி வேண்டும், எக்செல்லில் அதற்கு வரியே இல்லை. சைவக்காரர்கள் தலைநகரைத் தாண்டினால் தங்கள் கையே தங்களுக்கு உதவி; ஆட்டுக்கொழுப்பு இல்லாத பண்டம் அபூர்வம். கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்ற முடியாது, உலான்பாத்தரிலேயே வாங்கிக்கொள்ளலாம். செங்கெர் வெந்நீர் ஊற்றுக்கு ஒரு ராத்திரி ஒதுக்குங்கள். ஊற்றுக்கு அவர்கள் சொல்வது ‘ரஷான்’. சமஸ்கிருத ரசாயனம்தான் அது, பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. நமக்கு அந்தச் சொல் உரமூட்டையையும் சோதனைக் குழாயையும் ஞாபகப்படுத்துகிறது, அவர்களுக்கு இன்னும் மருந்துநீர்.

தாளை நேற்று நானே திருத்தி அனுப்பினேன். ஹூவ்ஸ்குல் போய்விட்டது, அது வேறொரு வருடத்துக்கு. 2,800 கிலோமீட்டர் 1,500 ஆனது. ஆறாம் நாள், பத்தாம் நாள், பதினொன்றாம் நாள் வரிகளில் ‘மர்காஷ்’ என்று மட்டும் போட்டிருக்கிறேன். ‘இது என்ன ஊர், மேப்பில் வரவில்லையே’ என்று வங்கி நண்பன் கேட்டிருக்கிறான். பருப்புப்பொடி யார் கொண்டுவருவது என்பதிலும் இன்னும் முடிவு வரவில்லை.