ஒரு போட்டோவைத் திறக்க இவ்வளவு பாடா?

போட்டோவைத் திறக்க வேண்டும். நிமிர்த்த வேண்டும். ஓரத்தை வெட்ட வேண்டும். விண்ணப்பத்தில் கேட்ட கேபி அளவில் சேமிக்க வேண்டும். என் கடைக்கு வேண்டியது இந்த நாலு வேலைதான். என் கடை மெஷினில் இன்னும் ஓடுகிற விண்டோஸ் 7-உடன் கூடவே வந்த எதற்கும் இந்த நாலையும் ஒரே இடத்தில் ஒழுங்காகச் செய்து கொடுக்க வக்கில்லை.

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் ஸ்டுடியோ, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று கலந்து கடை வைத்திருப்பவனுக்குத்தான் இந்த எரிச்சல் முழுசாகப் புரியும். இங்கே ஒரு சர்க்கார் இல்லை, இரண்டு சர்க்கார். மார்த்தாண்டத்திலிருந்து வருகிற பையன் டிஎன்பிஎஸ்சிக்குப் போடுவான். போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. பாறசாலையிலிருந்து வருகிற சேச்சி கேரள பிஎஸ்சிக்குப் போடுவார். 150-க்கு 200 பிக்சல், 30 கேபியைத் தாண்டக்கூடாது, அடியில் பெயரும் படம் எடுத்த தேதியும் இருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் கடைசி நாள்.

"பெயின்ட் இருக்குல்லா அண்ணே, அதுல பண்ண வேண்டியதுதானே" என்று கேட்காத ஆள் இல்லை. இருக்கிறது. பிக்சலை மாற்றும், பெயரும் எழுதலாம். ஆனால் ஜேபெக்காக, அதாவது வழக்கமான போட்டோ கோப்பாகச் சேமிக்கும்போது தரம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்காது. தானாக ஒன்றை முடிவு செய்து எழுதிவிடும். 34 கேபி வந்துவிட்டால் அந்த 4 கேபியை எங்கே போய்க் குறைப்பது? பிக்சலைக் குறைத்தால் 150-க்கு 200 போச்சு. தரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு ஸ்லைடர் வைத்திருந்தால் முடிந்திருக்கும் கதை இது. அதைக்கூட வைக்கவில்லை.

அடுத்து, விண்டோஸ் 7-இல் படம் பார்ப்பதற்கென்று வைத்திருக்கிற அந்த போட்டோ வியூவர். செல்போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படங்கள் பலவும் இதில் படுத்துக்கொண்டுதான் தெரியும். போன் படத்தை அப்படியே எழுதி, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பையும் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்புகிறது. விண்டோஸ் 7 வியூவர் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதே இல்லை. சரி, நாமே திருப்பினால்? அடுத்த படத்துக்குப் போன மறு நொடி, கேட்காமல் கொள்ளாமல் அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும். நீள அகலப் பிக்சல் எண்ணிக்கை 8-ஆலோ 16-ஆலோ சரியாக வகுபடாத படம் என்றால் ஜேபெக்கை மறுபடி அழுத்தித்தான் எழுத முடியும், ஆகவே தரமும் குறையும். பார்ப்பதற்கென்று இருக்கிற மென்பொருளுக்கு அசலில் கை வைக்கிற உரிமையை யார் கொடுத்தது? அது ஒரு வீட்டின் கல்யாணப் படமாக இருக்கலாம். அந்த வீட்டில் வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம்.

மஞ்சள் கதையையும் சொல்லிவிடுகிறேன். நிறங்களை எப்படிக் காட்டுவது என்று சொல்ல மானிட்டரோடு வந்த வண்ணக் கோப்பு சரியில்லை என்றால் இந்த வியூவரில் வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரியும். பிரவுசரில் அதே படம் நன்றாக இருக்கும். வாடிக்கையாளர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு "சேட்டா, மோள்க்கு மஞ்ஞப்பித்தமாணோ?" என்கிறார், மகளுக்கு மஞ்சள் காமாலையா என்று. கன்ட்ரோல் பேனலில் கலர் மேனேஜ்மென்ட்டுக்குள் போய் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ணக் கோப்புக்கு மாற்றினால் சரியாகும். அது அங்கே ஒளிந்திருப்பது எந்த சாதாரண மனுஷனுக்குத் தெரியும்?

இத்தனைக்கும் நடுவில் மானத்தைக் காப்பாற்றுவது இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருள். போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் படித்த இர்ஃபான் ஷ்கில்யான் என்ற ஒரே ஆள் 1996-இல் வெளியிட்டது. சில எம்பிதான். விண்டோஸ் எக்ஸ்பியிலும் ஓடும், விண்டோஸ் 11-லும் ஓடும். சேமிக்கும்போதே இத்தனை கேபி என்று சொல்லிவிடலாம். வீட்டுக்கு இலவசம், கடைக்குக் காசு. நான் காசு கட்டித்தான் வைத்திருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஒரு தனி மனிதரால் முடிந்தது மைக்ரோசாஃப்ட் என்ற அத்தனை பெரிய கம்பெனிக்கு ஏன் முடியவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

அதையும் இறக்கிக்கொள்ளத் தேடிப் பாருங்கள். பக்கம் முழுக்கப் பச்சைப் பச்சையாக 'டவுன்லோட்' பொத்தான்கள், பாதிக்கு மேல் விளம்பரம். தப்பானதை அமுக்கினால் டூல்பார் ஒன்று, 'உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரம் கோளாறு' என்று அலறுகிற கிளீனர் ஒன்று. பக்கத்துக் கடைத் தம்பிக்கு இதுதான் நடந்தது. போட்டோ பார்க்கும் மென்பொருள் தேடப் போனவனுக்கு போட்டோ தவிர மற்றதெல்லாம் வந்து சேர்ந்தது.

நல்லதாக இருந்தவற்றையும் விட்டு வைத்தார்களா? பிகாசா அசலைத் தொடாமல், திருத்தங்களைத் தனியாக ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். அவ்வளவு மரியாதையான மென்பொருள். கூகுள் 2016 மார்ச்சில் கைகழுவியது. விண்டோஸ் லைவ் போட்டோ கேலரியை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியோடு இறக்க முடியாமல் செய்தது. படம் திருத்துகிற பெயின்ட் டாட் நெட் 5.0-க்கு விண்டோஸ் 10 வேண்டும். அதே வேலை செய்கிற கிம்ப் 3.0-க்கும் விண்டோஸ் 10 வேண்டும். குரோம் பிரவுசரும் விண்டோஸ் 7-இல் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. போட்டோஷாப்போ 2013-இலிருந்து மாத வாடகை. 2002-இல் வந்த போட்டோஷாப் 7-ஐ இன்றும் ஸ்டுடியோக்காரர்கள் ஏன் விடுவதில்லை என்று கேட்பவர்கள், அந்த வாடகைத் தொகையைப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ விலையால் வகுத்துப் பாருங்கள்.

இதற்கு மேல் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் ஐபோனை நீட்டுவார்கள். 2017-இல் ஐபோனின் ஐஓஎஸ் 11 மென்பொருள் வந்ததிலிருந்து அதில் எடுத்த படம் வழக்கமாக ஹெய்க் (HEIC) என்ற வேறு வகைக் கோப்பு. விண்டோஸ் 7 வியூவருக்கு அது என்னவென்றே தெரியாது. "சவுதியில எல்லாக் கடையிலயும் தொறக்குதே மக்கா!" திறக்கும், அங்கே புது மெஷின் இருக்கிறது.

"அப்போ நீயும் புது மெஷின் வாங்கு" என்று அறிவுரை சொல்ல வருகிறவர்களே, நில்லுங்கள். என் ஸ்கேனருக்கு விண்டோஸ் 7-க்கு மேல் அதை ஓட்டுகிற டிரைவர் மென்பொருள் கிடையாது. செய்த கம்பெனி எழுதவில்லை, எழுதப் போவதும் இல்லை. மெஷினை மாற்றினால் ஸ்கேனரையும் மாற்ற வேண்டும். செருப்பு வார் அறுந்ததற்குக் காலை மாற்றச் சொல்கிற கதை. 2020 ஜனவரி 14-உடன் விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தது என்பதும் தெரியும், இணையத்தில் ஆபத்து என்பதும் தெரியும். அதனால்தான் விண்ணப்பங்களை வேறொரு மெஷினில் போடுகிறேன். அது விண்டோஸ் 10. அதிலுள்ள போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தைத் தட்டிவிட்டு டீ சொல்லிவிட்டு வரலாம், அவ்வளவு நேரம்.

ஆகவே கடைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வைத்துவிட்டுப் படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது நசுக்கித்தான் தரும். பென்டிரைவில் கொண்டு வந்தால் வீட்டில் ஒரு பிரதி வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம், கடைசி நாள் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது வந்து "ஒரு நிமிஷ வேலைதானே அண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள்.