அழித்தது நான்தான்

போன வாரம் என் முகநூல் பதிவின் கீழ் என்ன நடந்தது என்பதை இங்கிருப்பவர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பதினான்கு பின்னூட்டங்களை அழித்தேன். இருவரை பிளாக் செய்தேன். அழித்தவற்றின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு, கருத்துச் சுதந்திரம் பேசுகிறவரின் உண்மை முகம் இதுதான் என்று மூன்று நாட்களாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதியவர்கள் மீது எனக்குப் பெரிய வருத்தமில்லை. அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் என் நண்பர்கள் ஏழு பேரின் பெயர்களைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பதிவின் கீழ் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். அது என் உரிமை என்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். அது என் பொறுப்பு. நான் எழுதியதால்தான் அங்கே ஆட்கள் கூடுகிறார்கள், நான் கேட்டதால்தான் சிலர் மனம் திறக்கிறார்கள். அப்படித் திறந்தவரை இன்னொருவர் குத்தும்போது, நான் பதிவு மட்டும்தான் எழுதினேன், மற்றதற்கு நான் பொறுப்பில்லை என்று ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

போன வாரப் பதிவு, மன அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொள்வது பற்றியது. அனுபவம் உள்ளவர்கள் பகிரலாம் என்று கடைசி வரியில் எழுதியதும் நானே. ஒரு பெண் நான்கு வரிகளில் தன் அனுபவத்தைச் சொல்லியிருந்தார். யாரையும் குறை சொல்லவில்லை, யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. அதற்கு வந்த முதல் பதிலே, பைத்தியங்களுக்கு முகநூல் எதற்கு என்பதுதான். நான் அதைப் பார்த்தபோது எட்டு மணி நேரம் கடந்திருந்தது. அதிகப் பதில்கள் வாங்கிய பின்னூட்டத்தை முகநூல் மேலே கொண்டுவந்து வைக்கும் என்பதால், அவருக்காகச் சண்டை போட்ட நல்லவர்களும் தங்களை அறியாமல் அந்த வசையை எல்லோர் கண்ணிலும் படும்படி உயர்த்திக்கொண்டிருந்தார்கள். கடைசியாக அந்தப் பெண்ணே, "மன்னிக்கவும், நான் இங்கே எழுதியிருக்கக் கூடாது" என்று எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டவர் அவர். இதை மறுபடியும் ஒருமுறை வாசித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

இனி கருத்துச் சுதந்திரம். நான் அழித்ததால் யாருடைய வாயும் அடைபடவில்லை என்பதற்கு, அதே ஆட்கள் மூன்று நாட்களாகத் தங்கள் பக்கங்களில் எழுதிக் குவிப்பதைவிட வேறு சான்று வேண்டாம். ஒருவரைப் பேசவிடாமல் தண்டிப்பது வேறு. அவர் பேசுவதற்கு என் இடத்தைத் தர மறுப்பது வேறு. அரசுப் பொறுப்பில் இருப்பவர் தன் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் குடிமக்களின் விமர்சனத்தை அழிப்பது தவறு என்பதை முழுமையாக ஏற்கிறேன். அமெரிக்காவில் ஒரு நகர நிர்வாகி, கொரோனா கால நடவடிக்கைகளைக் குறைகூறியவரின் பின்னூட்டங்களை அழித்து அவரை பிளாக் செய்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அவருக்கு உண்மையிலேயே இருந்து, அந்தப் பதிவில் அவர் அந்த அதிகாரத்தோடு பேசியிருந்தால் மட்டுமே அது அரசின் செயலாகும் என்று 2024 மார்ச்சில் அந்த நீதிமன்றம் வரையறுத்தது. அதிகாரியையே இத்தனை கவனமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். எந்த அதிகாரமும் இல்லாத என்னைச் சர்வாதிகாரி என்று எழுத உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அழிக்காமல் விடுவதுதான் நடுநிலை என்கிறவர்களுக்கு இன்னொரு வழக்கு. பிரான்சில் 2011இல், தேர்தல் வேட்பாளராக இருந்த ஓர் அரசியல்வாதியின் முகநூல் சுவரில் வேறு இருவர் முஸ்லிம்களுக்கு எதிராக வெறுப்பைக் கக்கி எழுதினார்கள். உங்கள் கருத்துகளைக் கவனித்து எழுதுங்கள் என்று அவர் பொதுவாக ஓர் அறிவிப்புப் போட்டாரே தவிர, அந்தப் பின்னூட்டங்களை நீக்கவில்லை. அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனை அவருடைய பேச்சுரிமையை மீறவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமோ 2021இல், ஊடக நிறுவனங்களின் முகநூல் பக்கங்களில் வாசகர்கள் எழுதியவற்றுக்கு அவதூறுச் சட்டப்படி அந்த நிறுவனங்களும் வெளியீட்டாளர்களே என்றது. அந்தத் தீர்ப்புகள் எல்லை மீறிப் போகின்றன என்று வாதிட இடமிருக்கிறது. எனக்கே அந்த அச்சம் உண்டு. ஆனால் பதிவின் கீழ் நடப்பதற்கும் பதிவிட்டவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது போன்ற பேச்சு இனியும் எடுபடாது.

சட்டத்துக்குப் பயந்து நான் அழிக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நானும் எந்தப் பின்னூட்டத்தையும் அழிப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அப்போது என் பதிவுகளில் நீண்ட, நிதானமான மறுப்புகளை எழுதும் தோழி ஒருவர் இருந்தார். என்னை அதிகம் திருத்தியவர் அவர்தான். ஒருநாள் ஒருவன் அவருடைய உடலைப் பற்றி எழுதினான். "அதை எடுத்துவிட முடியுமா?" என்று உள்பெட்டியில் கேட்டார். திறந்த உரையாடலின் அவசியம் குறித்து நான் அவருக்கு மூன்று பத்திகள் எழுதினேன். "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் என் பதிவுகளில் எழுதவில்லை. சில மாதங்களில் முகநூலிலேயே இல்லை. அந்த மூன்று பத்திகள் இன்னும் என் உள்பெட்டியில் இருக்கின்றன. யாருடைய சுதந்திரத்தை அன்று நான் காப்பாற்றினேன்?

இன்றைக்கு வசையை அழிப்பவன் நாளைக்கு விமர்சனத்தையும் அழிப்பான் என்கிறார் ஒருவர். நியாயமான ஐயம்தான். அதே பதிவில், மருந்தின் பக்கவிளைவுகளை நான் குறைத்துச் சொல்லியிருக்கிறேன் என்று ஒருவர் கடுமையாக எழுதியது அப்படியே இருக்கிறது. அவர் சொன்னபடி இரண்டாம் பத்தியைத் திருத்தியும் இருக்கிறேன். தவறே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு பின்னூட்டத்தை அழித்தால் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்து போய்விடும். அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக ஒருவர் எழுதியிருந்த அருமையான பதில் அப்படித்தான் போயிற்று. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அழிக்காமல் மறைத்து வைத்திருக்கலாமே என்றால், மறைத்தாலும் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் கூட்டம் அங்கேயே உட்கார்ந்து தொடர்ந்திருக்கும்.

நண்பர்களுக்கு மட்டும் என்று பதிவை வைத்திருக்கலாம் என்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்: அந்தப் பெண் என் நண்பர் பட்டியலில் இல்லாதவர், அவரைப் போன்றவர்களுக்காகத்தான் எழுதினேன்.

கண்டுகொள்ளாமல் கடந்து போகலாமே என்று எழுதிய நண்பரே, உங்களை எனக்குப் பத்து ஆண்டுகளாகத் தெரியும். கடந்து போவது உங்களாலும் என்னாலும் முடியும். அந்தச் சொற்கள் நம் இருவரைப் பற்றியும் அல்ல. இரவு முழுவதும் ஒவ்வொரு அறிவிப்புச் சத்தத்துக்கும் போனை எடுத்துப் பார்த்தவர் அந்தப் பெண். நீங்கள் விருப்பக்குறி இட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்டில் அவருடைய பெயரும் படமும் மறைக்கப்படவே இல்லை. நான் அழித்ததை அவர் பெயரோடு சேர்த்து இன்னும் ஆயிரம் பேருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பதினான்கும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றில் எதை நான் விட்டுவைத்திருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பெண்ணின் பெயரை மறையுங்கள்.